கிணற்றுப் பங்கும் ஊரிணக்கமும்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகில், நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும் நாகவிகாரைக்குச் செல்வோரும் தோளோடு தோள் இடிபட அமர்ந்து செல்வர். அப்படகில் ஏறுந்தோறும் எனக்கு மணிமேகலையின் நினைவு வருவதுண்டு. மணிபல்லவத்துப் பீடிகை ஒன்றன் பொருட்டு நாகநாட்டு மன்னர் இருவர் படைதிரட்டிப் பொருத கதையைச் சாத்தனார் அக்காப்பியத்திற் கூறுகின்றார். அம்மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் பலர்; அன்று என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டியதில்லை. பாளி மொழியில் எழுந்த மகாவம்சமும் இத்தகைய சண்டையொன்று நாகதீபத்தில் நிகழ்ந்ததாகக் கூறும். தமிழ்க் காப்பியமும் பாளி வரலாறும் ஒருங்கே காத்துவைத்த சமாதானக் கதையொன்று நம் தீவகத்தோடு இணைத்துப் பேசப்படுகின்றது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சண்டையின் காரணத்தை நோக்குக. மகாவம்சம் கூறுமாறு, போருக்கு எழுந்தவர் மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருமகனும் ஆவர். மணியிருக்கை மருமகனின் தாய்க்கு அவள் தந்தை கொடுத்தது. தந்தை இறந்தபின், தாயின் உடன்பிறந்தானுக்கும் அவள் மகனுக்கும் அதன்மேல் வழக்கு. நாகர் யாவர், எங்கிருந்து வந்தனர் என்று அறிஞர் நெடுங்காலமாக ஆராய்கின்றனர். வழக்கைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஐயம் நீங்கிவிடும். இது சீதன வழக்கு; நாகர் நம்மவரே!

அவ்வழக்குத் தீர்ந்த வகைதான் கருதத்தக்கது. புத்தர் பெருமான் இருக்கையை இரண்டாகப் பிளக்கவில்லை. இன்னார் பக்கமே நியாயம் என்று தீர்ப்புக் கூறவுமில்லை. மகாவம்சத்தின்படி, இணக்கம் பற்றிய அவர் உரையைக் கேட்ட இருவரும் இருக்கையை அவருக்கே கொடுத்தனர். அவர் அதனை வழிபாட்டுக்கென அவர்களிடமே விட்டுச் சென்றார். மணிமேகலையிலோ, பெருமான் அப்பீடிகையைத் தமதென்று கூறித் தாமே அதன்மேல் அமர்ந்துவிடுகின்றார். இரண்டிலும் நடந்தது ஒன்றே. வழக்குப் பொருள் இருவர் கையினின்றும் நீங்கிப் பொதுவாயிற்று. இம்முறையை நம் முன்னோர் மணியிருக்கைக்கன்று, கிணற்றுக்குக் கையாண்டனர்.

குடாநாட்டில் ஆறில்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஆறென்று பெயர் பெறுவது. தீவுகளில் அதுவுமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்கும் முதல். அது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், அம்மட்டத்தின்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடிநீர் நூலார் கணக்கு. மேலேயுள்ள ஓரடியை இறைத்துத் தீர்த்துவிட்டால், கீழிருந்து 40 அடிக்கு உவர் ஏறிவரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராயும் ஆழத்துநீர் உவராயும் இருத்தலை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். வேலியெல்லாம் நிலத்தின்மேலே; நீருக்கு வேலியில்லை. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்துக் கழிவெண்ணெய் அயற்கிணறுகளிற் பரவியதை யாரும் மறந்திரார். அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. ஒருவர் நிலத்தில் ஊற்றியது அயலவர் செம்பில் வந்து நின்றது.

ஆதலின் தோட்டக் கிணறுகள் பல இங்கே பங்குக் கிணறுகளாயின. பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணி என்று எழுதியதன்பின், கிணற்றில் எட்டிலொரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று ஒரு வரி வரும். பங்கு எழுத்தில் இருந்தது. முறை வழக்கில் இருந்தது. இன்ன நாள், இன்ன பொழுது, இன்னார் இறைப்பு என்பதை எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியில் நின்ற சிறுவனும் அதனை ஒப்புவிப்பான். துலாவால் இறைத்த காலத்தில் ஒருவன் தனியே தோட்டத்துக்கு இறைத்தல் இயலாது. துலாவில் ஏறி மிதிக்க ஒருவர் அல்லது இருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திகளுக்குத் தண்ணீர் மாற ஒருவர் வேண்டும். இன்று உன் தோட்டத்துக்கு நான் மிதித்தால், நாளை என் தோட்டத்துக்கு நீ மிதிக்கவேண்டும். பங்காளியோடு கோபித்துக்கொண்டவன் தன் புகையிலைக் கன்றோடு கோபித்துக்கொண்டவனாவான்.

யாழ்ப்பாணத்தார் சண்டை அறியாத சாதுக்கள் என்று கூற யான் வரவில்லை. கதியால் ஒரு முழம் நகர்ந்தது என்பதற்காக மூன்று தலைமுறை முகம் பாராதிருந்த குடும்பங்களை யான் அறிவேன். வேலிச் சண்டைக்கு நம் நாடு பெயர் போனது. ஆனால், வேலியிற் பேசாதிருந்தவர்களும் கிணற்றடியிற் பேசினார்கள். பேசாவிட்டால் நீர் வராது.

என் பாட்டனார் வேலணையிற் புகையிலைத் தோட்டஞ் செய்தவர். அவருடையது நான்கு பங்குக் கிணறு. முறைத் தகராறு எழுந்தால் கோயில் வெளிமண்டபத்திற் பெரியவர்கள் கூடுவார்களாம். நிழலை அடியால் அளந்து பொழுது குறித்த காலம் அது. ஒருமுறை வந்த வழக்கு, அளப்பவனுடைய அடியைப் பற்றியது. பங்காளர் ஒருவர் குள்ளர். பாதம் மட்டும் பெரிது. அவர் தம் நிழலைத் தம் அடியால் அளந்தால், முறை எப்பொழுதும் அரை நாழிகை பிந்தி முடியும் என்று மற்றவர் முறையிட்டனர். பெரியவர்கள் ஒருவரையும் பொய்யர் என்று கூறவில்லை. கிணற்றடியில் ஒரு கல்லை நட்டு, அதன் நிழல் இன்ன கோட்டைத் தொடும்போது முறை மாறும் என்று முடிவு செய்தனர். பருவத்துக்குப் பருவம் நிழல் மாறுமாதலின் மாதத்துக்கொரு கோடாகப் பன்னிரண்டு கோடுகள் கீறப்பட்டன. அக்கல்லை யான் சிறுவனாயிருந்தபோது பார்த்திருக்கிறேன்; அதன்மேல் ஏறி நின்று ஏச்சும் வாங்கியிருக்கிறேன். நாகர் கதையில் இருக்கை பொதுவானது போல, இங்கே அளவை மனிதர் காலினின்று நீங்கிக் கல்லுக்குப் போயிற்று.

எவ்வகையாலும் தீராத வழக்குக்குக் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவித்தல் என்ற ஒன்று இருந்தது. பெரியவர்கள் அதற்கு அஞ்சினர். தெய்வம் தண்டிக்கும் என்ற அச்சம் மட்டுமன்று. சத்தியத்தின்பின் அவ்விரு வீட்டாரும் ஒரு பந்தியில் இருந்து உண்ணமாட்டார்கள் என்ற அச்சமே பெரிது.

எழுத்தில் நமக்குக் கிடைத்தது தேசவழமை. ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவை ஐசாக்சு தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பார்த்து ஒப்பிய பின் 1707இல் நடைமுறைக்கு வந்தது. 1806இல் ஆங்கிலேயரும் அதனை ஏற்றனர். காணியை விற்பவன் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலிற் சொல்லவேண்டும் என்ற விதியை அதிற் காணலாம். மரம் சாய்ந்து அயலவன் காணிக்குமேல் நின்றால் காய் யாருக்கு என்பதையும் அது விடாது பேசும். இவற்றைப் படிக்கும் மாணவர், சிறு காரியங்களுக்கு இத்தனை சட்டமா என்று நகைப்பதுண்டு. ஊர்ச் சண்டைகள் சிறு காரியங்களிலேதான் பிறக்கின்றன என்பதை அந்தத் திசாவை நன்கு அறிந்திருந்தார்.

1960ஆம் ஆண்டுகளின்பின் நீரிறைக்கும் இயந்திரம் எங்கும் பரவிற்று. உழவன் முதுகை நிமிர்த்திய அதனை யான் பழிக்கமாட்டேன். துலாவிலிருந்து வழுக்கி விழுந்தோர் உண்டு. எனினும், இயந்திரம் வந்தபின் ஒருவனுக்கு மற்றவன் கால் வேண்டாததாயிற்று. எங்கள் கிணற்றுக்கு அது பிந்தியே வந்தது. 1986இல் பங்காளர் ஒருவர் தம் முறையில் இயந்திரத்தை வைத்தார். முறை நேரம் பழையதுதான்; இறைத்த நீரோ பன்மடங்கு. கல்லின் நிழல் நேரத்தை அளந்ததேயன்றி நீரை அளக்கவில்லை. இரண்டாங் கோடையில் நீர் கரித்தது. கோயில் மண்டபத்திற் கூட அப்பொழுது ஒருவரும் முன்வரவில்லை. கூட்டத்தக்க பெரியவர்கள் இறந்துபோயினர். வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. தவணைமேல் தவணையாக அது நடந்துகொண்டிருந்த வேளையில், 1990இல், போர் எங்கள் தீவுக்கு வந்தது. வழக்காளியும் எதிராளியும் பொட்டணத்தைத் தூக்கிக்கொண்டு ஒரே வழியால் நடந்தனர். வழக்கு என்னவாயிற்று என்று பின்னர் ஒருவரும் கேட்கவில்லை. கிணறு தூர்ந்தது.

இதுவரை கூறியதைப் படித்து, முன்னோர் முறையை அப்படியே மீட்டால் எல்லாம் நேராகும் என்று யாரேனும் கருதினால், அவர்கள் இன்னொன்றையும் கேட்கவேண்டும். அந்தக் கிணற்றடிக்குச் சற்று அப்பால், பூவரச மரத்தின்கீழ், குடத்துடன் ஒருத்தி நிற்பாள். யாரேனும் வந்து நீர் வார்க்கும்வரை அவள் நிற்கவேண்டும். கிணற்றிற் கை வைத்தல் அவளுக்கு விலக்கு. அவள் கணவர் எங்கள் தோட்டத்தில் துலா மிதித்தவர். இறைத்த கால் அவருடையது; அள்ளும் உரிமை அவர் மனைவிக்கு இல்லை. என் பாட்டனார் நேர்மையாளர். நிழலுக்குக் கோடு கீறிய சபையில் அவரும் ஒருவர். அச்சபை ஒருநாளும் அவளை அழைத்து, உன் முறை எப்பொழுது என்று கேட்டதில்லை. கேளாமையால் வழக்கு எழவில்லை. வழக்கு எழாமையை நாங்கள் அமைதி என்று சொல்லிக்கொண்டோம். யானும் அவளுக்கு நீர் வார்த்திருக்கிறேன்; வார்த்ததை அறமென்று எண்ணி மகிழ்ந்துமிருக்கிறேன். இதனை எழுதும்போது கை கூசுகின்றது.

தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அதனை விட்டுவிட்டுப் படிப்பிக்கும் ஆசிரியர்களை யான் அறிவேன். இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிந்தது. சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதன்பின்னும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. ஊர் அமைதியைக் குலைத்தோர் என்று அன்று அவர்கள் ஏசப்பட்டனர். சபைக்கு அழைக்கப்படாதவர் வாசலில் அமர்வதையன்றி வேறென் செய்வர்?

உத்தரமேரூர்க் கல்வெட்டை நாம் பெருமையோடு படிப்பிக்கின்றோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் குடவோலையும் பேசப்படுகின்றன. பெருமைக்குரியனவே. நிலமும் மனையும் கல்வியும் உடையோர் பெயர் மட்டுமே அக்குடத்துள் இடப்பட்டது என்பதையும் உடன் படிப்பித்தல் தகும். ஸ்பானிய நாட்டு வலன்சியா நகரில் நீர் மன்று ஒன்று இன்றும் நடக்கின்றது. வியாழன்தோறும் நண்பகலில், பெருங்கோயிலின் வாயிலில், உழவர் தாமே தெரிந்தெடுத்த எண்மர் கூடி வாய்க்கால் வழக்குகளை வாய்மொழியாகவே கேட்டுத் தீர்க்கின்றனர். யுனெசுக்கோ 2009இல் அதனை மனித குலத்தின் மரபுச் செல்வமென ஏற்றது. அவர்களுடைய மன்று கோயில் வாயிலில் நிலைத்தது. எங்களுடையது கோயில் மண்டபத்தில் மறைந்தது. அவர்கள் நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பெரியவர்கள் பிறப்பாலும் காணியாலும் பெரியவர்களாயிருந்தனர். மறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நம்மிடையே வேறு மாதிரி இல்லாமலில்லை. தீவகக் கரையோரத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் போய்ப் பாருங்கள். வலை மேல் வலை விழுந்தால், களங்கட்டியின் இடம் பற்றிப் பிணக்கு வந்தால், அது பெரும்பாலும் முதலிற் சங்கத்துக்கே வரும். பாதிக்கப்பட்டவரும் உறுப்பினர்; பாதித்தவரும் உறுப்பினர்; தலைவரும் நாளை கடலுக்குப் போகவேண்டியவர். கூட்டுறவு என்ற சொல்லை ஏளனஞ் செய்வோர், 1936இல் மூளாயில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலையை நினைத்துப் பார்ப்பாராக. உறுப்பினர் தம் பணத்தால் வைத்தியசாலையே நடத்திய நாட்டில், கிணறு நடத்த முடியாதென்றால் யார் நம்புவர்?

பெருந்தொகை நீரைப் பற்றிய வழக்கொன்றையும் அண்மையிற் கண்டோம். இரணைமடுக் குளத்துநீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொணரும் திட்டம் எழுந்தபோது, கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். சிறுபோகம் அழியும் என்பது அவர்கள் அச்சம். குழந்தைகளுக்குக் குடிநீர் வேண்டும் என்பது குடாநாட்டார் குறை. இரண்டும் மெய். கிளிநொச்சியிற் குடியேறியவர்களிற் பலர் குடாநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் காணி தேடிச் சென்றவர்களே. மீண்டும் மாமனும் மருமகனுந்தான். முடிவில் 2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதனை யான் வரவேற்கிறேன். எனினும் அவ்வழக்குத் தீரவில்லை. பணத்தாற் சுற்றிக் கடக்கப்பட்டது. இரு பகுதி உழவரும் குடிநீரற்றோரும் ஒரு பாயில் அமர்ந்து, நல்ல மழையாண்டில் எவ்வளவு, வறட்சியாண்டில் எவ்வளவு என்று ஒரு கோடு கீறியிருந்தால், அடுத்த வறட்சிக்கும் அது உதவியிருக்கும். கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றுபோன நாட்களை நாம் மறக்கலாகாது.

போரின்பின் ஊர் திரும்பியோர் முன் இன்று நிற்பது, முன்னோர் காணாத ஒரு சிக்கல். எல்லைக் கற்கள் போயின. உறுதிகள் எரிந்தன. 1990இலும் 1995 ஒக்ரோபரிலும் பெயர்ந்தவர்களுட் பலர் கடல் கடந்து சென்று அங்கேயே தங்கினர். பங்குக் கிணற்றைத் தூர்வாரப் பங்காளர் எல்லோரும் உடன்படவேண்டும் என்பது வழக்கம், பங்காளர் எங்கே? 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த மத்தியஸ்த சபைகள் கடன், ஏச்சு, எல்லை முதலிய பிணக்குகளிற் பயன் தருகின்றன. அவற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அமர்கின்றனர் என்பது நம் தொழிலுக்குப் பெருமை. ஆனால் சபை, முறையிட்டவர்களையே கேட்கும். தூர்ந்த கிணற்றுக்கு வாயில்லை. அதன்பொருட்டு முறையிடுவாரும் இல்லை.

சென்ற ஆண்டு வேலணைக்குச் சென்று அக்கிணற்றைப் பார்த்தேன். எங்கள் நான்கு பங்கு இப்பொழுது 23 பேருக்கு உரியதாகக் கிளைத்திருக்கின்றது. அவர்களுள் 14 பேர் கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். காணியை விடவேண்டாம், கிணற்றிலுள்ள பங்கை மட்டும் கிணற்றைப் பயன்படுத்தும் சங்கத்துக்குப் பொதுவாக விட்டுவிடுங்கள் என்பதே வேண்டுகோள். பத்துப் பேர் மறுமொழி தந்தனர். ஒன்பதின்மர் உடன்பட்டனர். ஒருவர் மட்டும் பங்கின் இன்றைய பெறுமதி என்ன என்று கேட்டிருந்தார். அவர் எனக்கு மாமன் முறை. மகாவம்சத்தை நினைந்து சிரித்துக்கொண்டேன், மறுகடிதமும் எழுதியிருக்கிறேன்.

ஊரிற் கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. கிணற்றைச் சுற்றிக் குடியிருக்கும் எல்லா வீட்டாரும் அழைக்கப்பட்டனர். உறுதியிற் பெயருள்ளோர் மட்டுமல்லர். பூவரச மரத்தின்கீழ் நின்றவளின் பேத்தி இன்று அவ்வூர்ப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. அவரும் வந்திருந்தார். தூர்வாரியபின் முதற்பட்டை நீரை அவரே அள்ளவேண்டும் என்று ஒருவர் முன்மொழிய, பலர் கைதட்டினர். அவர் எழுந்து, “சேர், அந்த மரியாதை வேண்டாம். முறை எழுதுற கொப்பியில எங்கட வளவையும் எழுதுங்கோ” என்றார். எழுதுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. முதியவர் இருவர் எழுந்து வெளியே போயினர். ஒருவர் திரும்பி வந்து அமர்ந்தார். இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடலாம் என்பதும், கரிப்பு ஏறினால் எல்லோரும் ஒருங்கே நிறுத்தவேண்டும் என்பதும் அன்றே முடிவாயின. மாதந்தோறும் உவர்ப்பை அளந்து எழுதும் பொறுப்பை அவ்வாசிரியை தம் மாணவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்.

நிழற்கல்லைத் தேடினோம், கிடைக்கவில்லை. கிணற்றுள் இருக்கக்கூடும் என்கின்றனர். நீர் தாழும் ஆவணியில் தூர்வாருவதாக நாள் குறித்திருக்கின்றோம். இன்னும் நால்வர் மறுமொழி தரவில்லை. இம்மலர் கடல் கடந்தும் படிக்கப்படுவதுண்டு. வேலணையில் நான்கு பங்குக் கிணறொன்றிலே தம் பாட்டனார்க்கும் ஒரு துலா முறை இருந்ததென நினைவுடையோர், ஆவணிக்கு முன் எழுதுவாராக.